அணுக்கழிவும் நுண்ணங்கிகளும்: ஒரு வரலாற்று நோக்கு

மறைந்துபோன சமுதாயங்களை அவை விட்டுச்சென்ற எச்சங்களைக் கொண்டே நாம் அறிகின்றோம். மட்பாண்ட ஓடுகளும் சாம்பல் மேடுகளும் உடைந்த மணிகளும் வரலாற்றாசிரியனுக்குக் கல்வெட்டுகளுக்கு நிகரான சான்றுகளாகின்றன. இருபதாம் நூற்றாண்டு விட்டுச்சென்ற எச்சங்களுள் மிக நீண்டகாலம் நிலைத்திருக்கப்போவது எது என வினவின், அதன் நூல்களையோ கட்டடங்களையோ விடையாகக் கூறுவதற்கில்லை. புளுற்றோனியம்-239 தன் அளவிற் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 24,100 ஆண்டுகள் செல்லும். யுரேனியம்-238 அவ்வாறு குறைவதற்கு ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள் வேண்டும். மனிதன் எழுதக் கற்றுக்கொண்டு இன்னும் ஆறாயிரம் ஆண்டுகள் நிறைவுறவில்லை. ஆதலால் அந்நூற்றாண்டின் மிக நீண்ட சாசனம் அதன் அணுக்கழிவே எனல் மிகையாகாது.

இக்கழிவு பற்றிய ஆய்வு பௌதிகவியலாளருக்கும் பொறியியலாளருக்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே நிலவுகின்றது. கழிவின் இயல்பை ஆராய்தல் அவர்கள் பணியே. ஆயினும் அக்கழிவை எங்கே இடுவது, எவருடைய நிலத்தில் இடுவது, எந்த நம்பிக்கையின் பேரில் இடுவது என்பன மனிதர் எடுத்த தீர்மானங்கள். தீர்மானங்கள் உள்ள இடத்தில் வரலாறும் உண்டு. அத்தீர்மானங்களின் அடியிற் கிடந்த ஓர் எடுகோளையும், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணங்கிகள் அவ்வெடுகோளைக் குலைத்த வகையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நிலம் உயிரற்ற ஒரு கொள்கலம் என்பதே அவ்வெடுகோள்.

கழிவின் தோற்றம்

1789ஆம் ஆண்டில் பேர்லின் நகரத்து இரசாயனவியலாளரான மாட்டின் கிளாப்றொத் யுரேனியத்தைக் கண்டறிந்தார். 1896இல் பெக்கரல் அதன் கதிர்த்தொழிற்பாட்டை அறிந்தார். 1898இல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் இரேடியத்தையும் அறிவித்தனர். அவர்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் பொகீமியாவின் யோக்கிம்ஸ்தால் சுரங்கத்தில் யுரேனியத்தைப் பிரித்தெடுத்தபின் எஞ்சிய கழிவு என்பது ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. யுரேனியத்தை நீக்கிய பின்னரும் தாதுக் கழிவிலே ஏறத்தாழ 85 வீதமான கதிர்த்தொழிற்பாடு தங்கிவிடுகின்றது. தோரியம்-230, இரேடியம்-226 ஆகியவை அக்கழிவுடனேயே சென்று சேர்வதே இதற்குக் காரணம். பயனற்றதென ஒதுக்கப்பட்ட குவியலே கியூரி தம்பதியருக்குச் செல்வமாயிற்று. அதே தன்மை பிற்காலத்தில் சுரங்கத்தை அடுத்து வாழ்ந்தோருக்குத் துன்பமாயிற்று.

1943ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்க அரசு, வாசிங்ரன் மாநிலத்தில் கொலம்பியா நதிக்கரையிலுள்ள ஹான்போட் என்னும் பிரதேசத்தைப் புளுற்றோனிய உற்பத்திக்கெனத் தெரிந்தெடுத்தது. அங்கு வாழ்ந்த குடியானவர்கள் வெளியேற்றப்பட்டனர். 1944 செப்ரெம்பரில் முதலாவது உலை இயங்கத் தொடங்கியது. பனிப்போர்க் காலம் முழுவதும் தொடர்ந்த உற்பத்தியின் விளைவாக 177 நிலத்தடித் தாங்கிகளில் 20 கோடி இலீற்றருக்கு மேற்பட்ட கழிவு சேர்ந்தது. அவற்றுள் 149 தாங்கிகள் ஒற்றைச் சுவர் கொண்டவை. 67 தாங்கிகள் வரையில் ஒழுகியிருக்கலாம் எனவும், அவற்றிலிருந்து மண்ணுட் சென்ற கழிவு ஏறத்தாழ 10 இலட்சம் கலன் எனவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இவற்றைவிடச் செறிவு குறைந்த திரவக் கழிவு பேரளவில் நேரடியாகவே மண்ணினுள் விடப்பட்டது. வறண்ட மண் கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும் என்பதே அக்காலத்துப் பொறியியலாளரின் துணிபு.

ரெனசி மாநிலத்து ஓக் றிட்ஜில் நிகழ்ந்ததும் இதனை ஒத்ததே. அங்கே 1951ஆம் ஆண்டில் நான்கு குளங்கள் வெட்டப்பட்டன. அடித்தளம் எதுவும் இடப்படாத அக்குளங்களில் யுரேனியமும் நைத்திரிக்கமிலமும் கலந்த கழிவு 1983 வரை ஊற்றப்பட்டது. பின்னர் குளங்களை மூடி, அவற்றின்மேல் வாகனத் தரிப்பிடம் ஒன்றை அமைத்தனர். மேற்பரப்பில் வாகனங்கள் நிற்க, அடியிலே அமிலநீர் பாறைப் பிளவுகளினூடாகத் தன் வழியிற் சென்றுகொண்டிருந்தது.

இத்தகைய கழிவின் சுமை எல்லோர்மீதும் சமமாக விழவில்லை. 1944 முதல் 1986 வரை நவகோ மக்களின் நிலத்திலிருந்து ஏறத்தாழ 3 கோடி தொன் யுரேனியத் தாது அகழப்பட்டது. 500க்கு மேற்பட்ட சுரங்கங்கள் அங்கே கைவிடப்பட்டுக் கிடந்தன. 1979 ஜூலை 16ஆம் நாள், நியூ மெக்சிக்கோவின் சேர்ச் றொக் என்னுமிடத்தில் ஆலைக் கழிவைத் தேக்கிவைத்த அணை உடைந்து, 1,100 தொன் திண்மக் கழிவும் 9 கோடி கலனுக்கு மேற்பட்ட அமிலநீரும் புவேர்க்கோ ஆற்றிற் கலந்தன. ஆட்டு மந்தைகளுக்கு அவ்வாற்று நீரையே நம்பியிருந்தோர் நவகோ மக்கள். அதே ஆண்டு மார்ச் 28ஆம் நாள் பென்சில்வேனியாவில் நிகழ்ந்த திறீ மைல் ஐலன்ட் உலை விபத்தை உலகம் முழுவதும் அறியும். சேர்ச் றொக் என்னும் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. 2005ஆம் ஆண்டில் நவகோ மக்களின் அரசு தன் நிலத்தில் யுரேனிய அகழ்வைச் சட்டத்தால் தடைசெய்தது.

நுண்ணங்கிகளின் இருமுகம்

மேற்கூறிய தீர்மானங்கள் யாவும் நிலத்தை மணலும் களியும் நீரும் கொண்ட கலமாகவே கருதின. அந்நிலத்தின் ஒரு பிடி மண்ணிற் கோடிக்கணக்கான உயிர்கள் வாழ்கின்றன என்பது நுண்ணுயிரியலாளர் அறியாத செய்தியன்று. ஆயின் அவ்வறிவு கழிவைக் கையாண்டோரிடம் சென்று சேரவில்லை. இரு துறைகளும் தனித்தனியே நின்றமையால் வந்த இழப்பு சிறிதன்று.

1947ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடியும் அமிலநீரில் ஒரு பற்றீரியம் கண்டறியப்பட்டது. தயோபசிலசு பெரோஒட்சிடான்சு எனப் பெயர் பெற்ற அது, இரும்பையும் கந்தகத்தையும் ஒட்சியேற்றி அதனாற் பெறும் சக்தியைக் கொண்டு வாழ்வது. யுரேனியத் தாதுடன் இரும்புச் சல்பைட்டு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். இப்பற்றீரியம் அதனைத் தாக்கும்போது சல்பூரிக்கமிலமும் பெரிக்கு இரும்பும் தோன்றுகின்றன. பெரிக்கு இரும்பு யுரேனியத்தைக் கரையும் நிலைக்கு மாற்றுகின்றது. கனடாவின் எலியட் லேக் சுரங்கங்களில் 1960களிலே இப்பற்றீரியங்களைக் கொண்டே யுரேனியம் பிரித்தெடுக்கப்பட்டது. சுரங்க முதலாளிக்கு ஊதியமற்ற ஊழியனாக உழைத்த அதே உயிர், கைவிடப்பட்ட கழிவுக் குவியல்களில் எவர் ஏவலுமின்றித் தன் தொழிலைத் தொடர்ந்தது. குவியலிலிருந்து அமிலமும் உலோகங்களும் ஆற்றிற்கு வடிந்தன. நுண்ணங்கி யுரேனியத்தை விடுவிக்கும் என்பது அதன் ஒரு முகம்.

மறுமுகத்தைப் புரிந்துகொள்வதற்கு யுரேனியத்தின் ஓர் இயல்பை அறிதல் வேண்டும். ஆறாம் ஒட்சியேற்ற நிலையிலுள்ள யுரேனியம் நீரிற் கரைந்து, குறிப்பாகக் காபனேற்றுடன் சேர்ந்து, நிலத்தடி நீருடன் நெடுந்தூரம் செல்லும். நான்காம் நிலையிலுள்ள யுரேனியமோ பெரும்பாலும் நீரிற் கரைவதில்லை, மண்ணிலே படிந்துவிடும். ஆறாம் நிலையிலிருந்து நான்காம் நிலைக்கு அதனைத் தாழ்த்துவதற்கு இரண்டு இலத்திரன்கள் போதும். அவ்விரண்டு இலத்திரன்களை வழங்குவோர் யார் என்பதே வினா. 1962ஆம் ஆண்டில் வூல்போக், வைற்லி என்னும் ஆய்வாளர் இருவர், ஒரு பற்றீரியத்தின் கலச்சாறு ஐதரசனின் துணையுடன் யுரேனியத்தைத் தாழ்த்துவதை ஆய்வுகூடத்திலே காட்டினர். அச்செய்தி இரசாயன விந்தையாகவே கருதப்பட்டது. இயற்கையில் யுரேனியம் படிவது சல்பைட்டு, சேதனப் பொருள் முதலியவற்றின் உயிரற்ற தாக்கத்தாலேயே என்னும் கருத்து மேலும் முப்பதாண்டுகள் வரை நிலைபெற்றிருந்தது.

1987ஆம் ஆண்டில் அமெரிக்கப் புவிச்சரிதவியல் அளவைத் திணைக்களத்தைச் சேர்ந்த டெறெக் லவ்லி, பொட்டோமக் ஆற்றுச் சேற்றிலிருந்து ஒரு பற்றீரியத்தைப் பிரித்தெடுத்தார். நாம் ஒட்சிசனைச் சுவாசிப்பதுபோல் அது இரும்பு ஒட்சைட்டைப் பயன்படுத்தியது. உணவிலிருந்து பெற்ற இலத்திரன்களை இரும்பிடம் ஒப்படைத்து வாழ்ந்தது. ஜியோபக்ரர் எனப் பின்னர் பெயர் பெற்ற இவ்வினம் யுரேனியத்திடமும் அவ்வாறே இலத்திரன்களை ஒப்படைக்கவல்லது என்பதை லவ்லியும் அவர் துணைவர்களும் 1991இல் வெளியிட்டனர். யுரேனியத்தைத் தாழ்த்துவதன்மூலமே அப்பற்றீரியம் வளரக்கூடும் என்பதும் அப்போது காட்டப்பட்டது. ஆற்றுச் சேற்றிலே அமைதியாக வாழ்ந்துவந்த ஓர் உயிர் அணுக்கழிவின் வரலாற்றினுட் புகுந்தது இவ்வாறே.

இங்கே ஒரு மயக்கத்தை நீக்குதல் அவசியம். நுண்ணங்கி கதிர்த்தொழிற்பாட்டை உண்டு அழித்துவிடுகின்றது என்று செய்தியேடுகள் சில வேளைகளில் எழுதுவதுண்டு. அது தவறு. உயிரின் தொழில் யாவும் அணுவின் வெளிப்புறத்து இலத்திரன்களோடு நின்றுவிடுகின்றது. அணுக்கருவைத் தொடும் ஆற்றல் எந்த உயிர்க்கும் இல்லை. படிந்த யுரேனியமும் முன்போலவே கதிர் வீசும். அது நகராமல் நிற்கின்றது என்பதே பயன். கிணற்று நீரைக் குடிப்பவனுக்கு அப்பயன் சிறியதன்று.

றைபிள் நகரத்துப் பரிசோதனை

ஆய்வுகூடத்திற் கண்டது நிலத்திலும் நிகழுமா என்பதை அறிவதற்குக் கொலறாடோ மாநிலத்து றைபிள் என்னும் சிறு நகரம் களமாயிற்று. கொலறாடோ நதியின் கரையில் 1924ஆம் ஆண்டிலே வனேடியத்துக்காக அமைக்கப்பட்ட ஆலை ஒன்று, பிற்பட்ட காலத்தில் யுரேனியத்தையும் பிரித்தெடுத்து 1958இல் மூடப்பட்டது. 1978இல் அமெரிக்கக் காங்கிரசு யுரேனிய ஆலைக் கழிவுச் சட்டத்தை நிறைவேற்றிய பின்னர், 1990களில் றைபிளின் கழிவுக் குவியல்கள் அகற்றப்பட்டன. ஆயினும் நிலத்தடி நீரில் யுரேனியம் தங்கிவிட்டது. விதிக்கப்பட்ட எல்லை இலீற்றருக்கு 0.044 மில்லிகிராம், அங்கிருந்த நீரோ அதனைப் பன்மடங்கு விஞ்சியிருந்தது.

2002ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் அந்நிலத்தினுள் அசற்றேற்றைச் செலுத்தினர். வினாகிரியின் அமிலத்திலிருந்து பெறப்படும் உப்பே அசற்றேற்று. வெளியிலிருந்து பற்றீரியம் எதனையும் அவர்கள் கொண்டுசெல்லவில்லை. அங்கே ஏற்கனவே வாழ்ந்த உயிர்களுக்கு உணவு வழங்கினர், அவ்வளவே. சில நாட்களில் ஜியோபக்ரர் இனங்கள் பெருகின. நீரில் யுரேனியம் குறையத் தொடங்கியது. 50 நாட்களுள் சில கிணறுகளில் அது விதிக்கப்பட்ட எல்லைக்குக் கீழே சென்றது. நதிக்கரையில் உறங்கிய உயிர்கள் ஒரு வகை உப்பினால் எழுப்பப்பட்டு மனிதன் விட்ட பிழையைத் திருத்தத் தொடங்கிவிட்டன என்று மகிழ்வதற்கு இடமிருந்தது.

அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. அசற்றேற்றுத் தொடர்ந்து செலுத்தப்பட, ஜியோபக்ரர் பயன்படுத்தக்கூடிய இரும்பு குறைந்தது. அப்போது சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியங்கள் தலையெடுத்து உணவைத் தமதாக்கிக்கொண்டன. ஜியோபக்ரர் சிறுபான்மையாயிற்று, நீரில் யுரேனியம் மீண்டும் உயர்ந்தது. ஓர் இனத்துக்கென அளித்த மானியத்தை மற்றோர் இனம் கைப்பற்றிக்கொண்டமை, அரசியல் வரலாறு கற்போர்க்குப் புதிய காட்சியன்று. 2003இல் வெளிவந்த ஆய்வறிக்கை வெற்றியையும் இவ்வீழ்ச்சியையும் ஒருங்கே பதிவுசெய்தது. இன்றளவும் அதனைப் பயனுடையதாக்குவது அந்நேர்மையே எனலாம்.

றைபிள் மற்றொரு வகையிலும் அறிவுலகிற்குப் பயன்பட்டது. அந்நிலத்தடி நீரை மிக நுண்ணிய வடிகளினூடாகச் செலுத்தி, வடியையும் கடந்து சென்ற உயிர்களின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தபோது, எவரும் ஆய்வுகூடத்தில் வளர்த்தறியாத பற்றீரியப் பெருங்கூட்டமொன்று வெளிப்பட்டது. பற்றீரியப் பேரரசின் 15 வீதத்துக்கு மேற்பட்ட பகுதி அக்கூட்டத்துள் அடங்கும் என 2015இல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு வெளியான உயிர்மரத்தின் புதிய வரைபடத்தில் அதற்கெனப் பெருங்கிளை ஒன்று வரையப்பட்டது. கழிவு கொட்டுவதற்கேற்ற வெறும் நிலம் எனக் கருதப்பட்ட இடமே, உயிரைப் பற்றிய நமது அறிவு எவ்வளவு குறைவானது என்பதைக் காட்டிற்று.

ஓக் றிட்ஜும் நிலையாமையும்

ஓக் றிட்ஜின் மூடப்பட்ட குளங்களுக்கு அண்மையிலும் இத்தகைய பரிசோதனைகள் நடத்தப்பட்டன. அங்கு தடைகள் மிகுதி. நீர் கடும் அமிலத்தன்மை உடையது. நைத்திரேற்றுச் செறிவும் மிக அதிகம். நுண்ணங்கிகள் யுரேனியத்தினும் நைத்திரேற்றையே முதலில் விரும்பும். ஆதலால் ஆய்வாளர் முதற்கண் நைத்திரேற்றை அகற்றி, அமிலத்தைத் தணித்து, அதன் பின்னரே எதனோல் என்னும் மதுசாரத்தை உணவாகச் செலுத்தினர். குடிநீருக்கு அமெரிக்க அரசு விதித்த எல்லை இலீற்றருக்கு 0.03 மில்லிகிராம். காலப்போக்கில் யுரேனியம் அவ்வெல்லைக்கும் கீழே தாழ்ந்தது. பின்னர் கரைந்த ஒட்சிசன் உட்புகுந்தபோது, படிந்த யுரேனியத்தின் ஒரு பகுதி மீண்டும் ஒட்சியேறிக் கரைந்தது. 2007இல் வெளியான அறிக்கை இவ்விரு நிகழ்ச்சிகளையும் தன் தலைப்பிலேயே இணைத்துக் கூறியது.

இதனால் பெறப்படும் உண்மை தெளிவானது. நுண்ணங்கி செய்த வேலை ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. உணவு வழங்குதல் நிற்குமாயின், அல்லது மழை மிகுந்து ஒட்சிசன் நிறைந்த நீர் நிலத்துட் புகுமாயின், பூட்டிய கதவு மீண்டும் திறந்துவிடும். ஆயிரமாண்டுகள் காவலிருக்கவேண்டிய இடத்திற்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கும் அரசு எது? உலக வரலாற்றில் ஆயிரமாண்டுகள் தடையின்றி நிலைத்த திணைக்களம் எது? இவ்வினாக்களுக்கு விடை கூறவேண்டியவர்கள் நுண்ணுயிரியலாளர் அல்லர்.

அறிவியலின் உள்ளேயும் கருத்து வேறுபாடுகள் தொடர்ந்தன. ஜியோபக்ரர் தன் உடலிலிருந்து நீளும் நுண்ணிய இழைகளினூடாக இலத்திரன்களை வெளியே செலுத்துகின்றது என 2005இல் அறிவிக்கப்பட்டது. அவ்விழைகளே யுரேனியத்தைக் கலத்திற்கு வெளியில் நிறுத்தி அதன் நச்சிலிருந்து பற்றீரியத்தைக் காக்கின்றன என 2011இல் ஓர் ஆய்வு கூறியது. அவ்விழைகளின் அமைப்பு முன்னர் கருதியதினும் வேறானது, அவை இரும்பைக் கொண்ட ஒருவகைப் புரதங்களின் கோவை என 2019இல் வேறோர் ஆய்வுக்குழு வாதிட்டது. படியும் யுரேனியம் பளிங்குருவானது என்ற பழைய துணிபும் தளர்ந்தது. வயோமிங் மாநிலத்தின் இயற்கைத் தாதுப் படிவு ஒன்றில் யுரேனியத்தின் பெரும்பகுதி நுண்ணங்கிகளால் ஆக்கப்பட்ட பளிங்குருவற்ற வடிவிலே உள்ளது என 2017இல் காட்டப்பட்டது. இவ்வடிவம் எளிதில் மீண்டும் கரையவல்லது. அதேவேளை, மனிதன் அகழ்ந்தெடுத்த தாதுவையே ஆதியில் நுண்ணங்கிகள் சேர்த்துவைத்தன என்பதும் இதனாற் புலனாகின்றது. யுரேனியத்தின் கதையில் நாமே இடையில் வந்தவர்கள்.

கதிர்வீச்சின் நடுவே உயிர்

கதிர்வீச்சு மிகுந்த இடத்தில் உயிர் தங்காது என்னும் நம்பிக்கையும் இவ்வாறே குலைந்தது. 1956ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலத்தில் ஆதர் அன்டர்சன் என்பார், தகரத்தில் அடைத்த இறைச்சியைக் காமாக் கதிர்களாற் கிருமிநீக்கம் செய்ய முயன்றார். கதிர் பாய்ச்சிய பின்னரும் இறைச்சி பழுதடைந்தது. அதிலே உயிர்தப்பியிருந்த பற்றீரியமே இன்று டைனோகொக்கசு றேடியோடியூறன்சு என வழங்குவது. 5 கிரே அளவான கதிர்வீச்சு மனிதனைக் கொல்லப் போதுமானது. இப்பற்றீரியமோ 5,000 கிரே அளவையும் தாங்கித் தன் சிதைந்த பரம்பரையலகுகளை மீண்டும் ஒழுங்குபடுத்திக்கொள்கின்றது. ஹான்போட்டில் ஒழுகிய தாங்கி ஒன்றின் அடிமண்ணிலும் இதனை ஆய்வாளர்கள் பிரித்தெடுத்து 2004இல் வெளியிட்டனர். தொலுயீனைச் சிதைக்கவும் இரசத்தைத் தாழ்த்தவும் வல்ல பரம்பரையலகுகளை இதனுட் புகுத்தும் முயற்சிகள் 1998இலும் 2000இலும் வெற்றி பெற்றன. எனினும் அவை ஆய்வுகூடத்துப் பேறுகளாகவே நின்றன.

திறீ மைல் ஐலன்டில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. உருகிய எரிபொருளை அகற்றும் பணி 1985இன் பிற்பகுதியில் தொடங்கியது. 1986இன் தொடக்கத்தில் உலைக்கலத்து நீர் கலங்கி, உள்ளே எதையும் பார்க்க இயலாத நிலை ஏற்பட்டது. நுண்ணங்கிகள் பெருகியமையே காரணம். அவற்றை அழிக்க ஐதரசன் பரவொட்சைட்டைப் பயன்படுத்தவேண்டியதாயிற்று, பணி தாமதமாகியது. மனிதன் நெருங்க அஞ்சிய கலத்தினுள் உயிர் எவரையும் கேளாது குடியேறியிருந்தது.

அதே 1986ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் செர்னோபிலில் நான்காம் உலை வெடித்தது. பின்னர் உக்கிரேன் நாட்டு நுண்ணுயிரியலாளர் நெல்லி ஷ்டானோவாவும் அவர் குழுவினரும் அவ்வுலையின் சுவர்களிலே கரிய பங்கசுகள் வளர்வதைக் கண்டனர். அவற்றின் கருமைக்குக் காரணமான மெலனின், கதிர்வீச்சின் சக்தியை வளர்ச்சிக்கு உதவும்படி மாற்றுகின்றதோ என்னும் ஐயத்தை 2007இல் நியூயோர்க் ஆய்வாளர் எழுப்பினர். கதிர்வீச்சின் முன்னிலையில் சில பங்கசுகள் விரைந்து வளர்ந்தமையை அவர்கள் காட்டினர். தாவரம் ஒளியைப் பயன்படுத்துவதுபோல் இவை கதிரைப் பயன்படுத்துகின்றன என்பதோ இன்னும் நிறுவப்படவில்லை. கருதுகோளையும் முடிபையும் வேறுபடுத்திக் காண்பதே மாணவர்க்கு அழகு.

ஆழ்நிலக் களஞ்சியங்கள்

உயர்செறிவுக் கழிவை ஆழ்நிலப் பாறையிற் புதைப்பதே பல நாடுகள் இன்று ஏற்றுக்கொண்ட வழி. பின்லாந்தின் ஒல்கிலுவோட்டோ என்னுமிடத்தில், 400 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் அமைக்கப்படும் களஞ்சியத்துக்கு 2015இல் கட்டுமான அனுமதி வழங்கப்பட்டது. எரிபொருளைச் செப்புக் கலங்களில் அடைத்து, அவற்றைச் சுற்றிப் பென்ரனைற்றுக் களியை இறுக்கிவைப்பது அங்குள்ள முறை. சல்பேற்றைத் தாழ்த்தும் பற்றீரியங்கள் வெளியிடும் சல்பைட்டு செப்பை அரிக்கவல்லது. ஆகவே நுண்ணங்கி வாழ இடமில்லாத அளவுக்குக் களியை நெருக்கிவைத்தல் வேண்டும் என்பது திட்டத்தின் ஒரு கூறாயிற்று. ஹான்போட்டின் பொறியியலாளர் எண்ணிப்பாராத உயிரை, எழுபதாண்டுகளின் பின் பின்லாந்தின் பொறியியலாளர் கணக்கில் எடுக்கின்றனர்.

சுவிற்சர்லாந்தின் மொன்ட் தெறி ஆழ்நில ஆய்வுகூடத்திலும் இங்கிலாந்திலும் கிடைத்த முடிபுகள் இவ்வுயிர்களின் மறுபக்கத்தைக் காட்டுகின்றன. புதைத்த உருக்கு அரிபடும்போது ஐதரசன் வாயு தோன்றிப் பாறையை நெருக்கும் என்னும் அச்சம் உண்டு. பாறையிலுள்ள பற்றீரியங்கள் ஒன்றன் விளைவை மற்றொன்று உண்ணும் சங்கிலியாக அமைந்து அவ்வைதரசனை நுகர்வதை 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. சீமெந்துடன் புதைக்கப்படும் கடதாசி, துணி முதலியவை காரநீரிற் சிதைந்து தோற்றுவிக்கும் ஓர் அமிலம் கதிர்த்தொழிற்பாட்டு மூலகங்களைக் கரைக்கவல்லது. பழைய சுண்ணாம்புச் சூளைகளின் கழிவு தேங்கிய இங்கிலாந்து நிலமொன்றிலிருந்து பெற்ற பற்றீரியங்கள் அவ்வமிலத்தை உண்பதை மான்செஸ்ரர் பல்கலைக்கழகத்தார் 2014இல் வெளியிட்டனர். ஆக, ஒரே களஞ்சியத்தில் ஓர் இனம் கலத்தை அரிக்கும்; மற்றோர் இனம் அதனைக் காக்கும். எது மேலோங்கும் என்பது நீர், உணவு, இடம் என்பவற்றைப் பொறுத்தது.

இயற்கையே நடத்திய பரிசோதனை ஒன்றும் உண்டு. ஆபிரிக்காவின் காபொன் நாட்டு ஒக்லோச் சுரங்கத்தில், ஏறத்தாழ 200 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் யுரேனியப் படிவுகள் தாமாகவே அணுக்கரு உலைகளாக இயங்கின என்பது 1972இல் அறியப்பட்டது. வழமையாக 0.720 வீதமாக இருக்கவேண்டிய யுரேனியம்-235 அங்கு 0.717 வீதமாகக் குறைந்திருந்தமையே முதற் சான்று. ஒளித்தொகுப்புச் செய்த ஆதி நுண்ணங்கிகள் வெளியிட்ட ஒட்சிசனே யுரேனியத்தை நீரிற் கரைத்து, ஓரிடத்திற் செறிவடைய வழிவகுத்தது என அறிஞர் கருதுவர். அவ்வுலைகளில் உண்டான புளுற்றோனியம் தோன்றிய இடத்தைவிட்டு அதிகம் அகலாமலே தேய்ந்து மறைந்தது. இதனை எடுத்துக்காட்டி, புதைத்தல் பாதுகாப்பானது என்பாரும் உளர். ஆயின் ஒக்லோவை எவரும் தெரிவுசெய்யவில்லை. அத்தகைய எத்தனை படிவுகள் கரைந்து மறைந்தன என்பதற்குச் சான்று எஞ்சியிராது. எஞ்சியதை மட்டும் கொண்டு முழுமையை முடிவுசெய்யலாகாது என்பது வரலாறு கற்போர் முதலிற் பயிலும் பாடம்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் மூன்று கட்டங்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். 1940கள் முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நிலம் உயிரற்ற கலமாகக் கருதப்பட்டது. 1991இன் பின் நுண்ணங்கி மனிதனின் பணியாளாகக் கருதப்பட்டது. றைபிளிலும் ஓக் றிட்ஜிலும் பெற்ற அனுபவத்தின் பின், அது தனக்கென ஒழுங்கும் தேவையும் உடைய ஒரு சமுதாயம் என்பது உணரப்படலாயிற்று. முதலாவது கருத்து அறியாமையிற் பிறந்தது. இரண்டாவது நம்பிக்கையிற் பிறந்தது. மூன்றாவது, பட்டறிந்து பெற்றது.

இம்மூன்று கட்டங்களிலும் மாறாதிருந்த ஒன்றையும் மறத்தலாகாது. கழிவை உண்டாக்கியவர்களும் அதனுடன் வாழ்ந்தவர்களும் வேறுவேறானவர்கள். குண்டுகளுக்கான தீர்மானம் தலைநகரில் எடுக்கப்பட்டது. கிணறு கெட்டது நவகோ இடையனின் நிலத்தில். நுண்ணங்கிகள் அக்கிணற்றைத் திருத்த உதவக்கூடும். உதவும் இடத்தில் அவற்றின் துணையைப் பெறுதல் அறிவுடைமையே. எனினும் நுண்ணங்கி பார்த்துக்கொள்ளும் என்னும் சொல், பொறுப்பைக் கைகழுவுவதற்குரிய சாட்டாக மாறிவிடுதல் கூடாது. இருநூறு கோடி ஆண்டுகளுக்கு முன்னரே யுரேனியத்தின் போக்கை மாற்றத் தொடங்கிய அவ்வுயிர்கள் எந்த ஒப்பந்தத்திலும் கையொப்பமிடவில்லை. ஒப்பந்தம் செய்தவர்கள் மனிதர். எழுத வல்லவர்களும் மனிதர். எங்கே புதைத்தோம், எதனைப் புதைத்தோம், எவருக்குத் தீங்கு விளைத்தோம் என்பவற்றை மறைக்காது எழுதிவைத்தலும், அவ்வெழுத்து அழியாது காத்தலும் வரும் தலைமுறையினருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன். ஆய்வுகூடத்தில் நடைபெறும் பணிக்கு எவ்விதத்திலும் குறையாத அப்பணியில் வரலாறு பயிலும் மாணவர்க்கும் ஒரு பங்கு உண்டு.